பதினாலு மில்லி

முப்பந்தல் தாண்டியதும் வண்டி ஆடியது.
காற்று என்றேன்.
ஆடி மாதம். அத்தனை காற்றாலைகளும்
எனக்குச் சாட்சியாகக் கை சுழற்றிக்கொண்டு நின்றன.
பின்னிருக்கையில் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே
லீமாறோஸ் சொன்னாள்:
"பின்னால இருந்தும் யாரோ ஓட்டுற மாதிரி இருக்கு."
சிரித்தேன்.

மறுநாள் தக்கலையில் காற்றே இல்லை.
வாழைக்குலைக் கடையின் தார்ப்பாய்கூட அசையவில்லை.
தொண்ணூற்றொன்றாம் வருடத்துக் காண்டசா
பஸ்ஸுக்கு ஒதுங்கினால் ஓடைக்கே போகப் பார்த்தது,
திருப்பினால் எதிர்லாரிக்கு.
நேரே போவதற்கு நான்
ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தேன்,
பொய் சொல்லிவிட்டவன் பேச்சைப் போல.

அழகியமண்டபத்தில் ரசலையனின் ஷெட்.
எட்டாம் வகுப்பில் என் பெஞ்சு.
பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதில கம்பெனி வச்சது என்னதான் ஓய் மிச்சம்?"

பெருமையாகத்தான் சொன்னேன்.
பெட்ரோலை இறக்கி ஏற்றிய இசுசு டீசல்,
கோயம்புத்தூரில் வாங்கிய அகல வீல்,
சாப்பாட்டுத் தட்டளவு ஸ்டியரிங்,
முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்தது,
பின்னால் தாழ்த்த, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே
இரண்டங்குல அலுமினியக் கட்டை.
கட்டையை மட்டும் நானே மாட்டினேன்
ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல்.
அதைச் சொல்லவில்லை.

முதலில் டயர்க் காற்று. நான்கிலும் நான்கு எண்.
சரிசெய்தான். ஆடியது.
டைராடு முனைகள் மாற்றினான். ஆடியது.
ஐட்லர் ஆர்மைக் கையால் உலுக்கி "ம்" என்றான்;
அந்த "ம்"முக்கு ஆயிரத்து அறுநூறு.
மார்த்தாண்டத்தில் அலைன்மென்ட்.
திரையில் முன்சக்கரம் இரண்டும் பச்சை.
திரும்பும்போது மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
வண்டி தோளைக் குலுக்கியது,
எனக்கென்ன தெரியும் என்று.

சனிக்கிழமை, மழை.
கருங்கல் வங்கியிலிருந்து நேரே வந்த லீமாறோஸ்
குடையை மடக்காமலே சொன்னாள்:
"மிதிச்சா இடப்பக்கமாட்டு போவுது.
காலை எடுத்தா வலப்பக்கமாட்டு.
நான் அண்ணைக்கே சொன்னேன்லா."

ரசலையன் சிரிக்கவில்லை.
ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
பக்கத்தில் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் போய்
தூக்குக்குண்டு வாங்கிவந்தான்.
ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் நூலைப் பிடித்து
குண்டு தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸ்.
வண்டியைத் தள்ளி வெளியே விட்டோம், மழையில்.
சிமென்ட் தரையில் நான்கு வெள்ளைப் புள்ளி,
கோலம் தொடங்கி யாரோ எழுந்துபோனது போல.

வலப்பக்கம் அளந்து எண்ணை எழுதினான்.
இடப்பக்கம் அளந்தான்.
மறுபடி அளந்தான்.
பதினாலு மில்லி கூடுதல்.

அடியில் படுத்து அவன் எடுத்துக்காட்டியது
நடு போல்ட்டின் தலை, முறிந்தது.
அலுமினியக் கட்டை உரசி உரசி,
அத்தனை துருவுக்கும் நடுவே
அது மட்டும் புதுக்காசு போல் மின்னியது.
மிதித்தால் அந்த ஓரம் முன்னே நகர்ந்திருக்கிறது,
விட்டால் பின்னே.
முன்னால் உட்கார்ந்து நான் திருப்பியதெல்லாம்
பின்னால் எடுத்த முடிவுகளுக்குப் பதில்தான்.

"இதை எவன் ஓய் மாட்டினான்?"

"நெய்யாற்றின்கரையில் ஒருத்தன்" என்றேன்.
லீமாறோஸ் குடையை மடக்கினாள்,
மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக.

இரும்புக் கட்டை, புது போல்ட், நான்கு யு-போல்ட்.
அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போனோம்.
தோவாளையில் பூ லாரிக்கு ஒதுங்கினேன்;
ஒதுங்கிய அளவே ஒதுங்கியது.
முப்பந்தல் தாண்டி ஓரிடத்தில் மட்டும்
லேசாக வலப்பக்கம் தள்ளிற்று.

காற்று என்றேன்.

பின்னால் சத்தமில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
ஜன்னலைப் பாதி இறக்கி
கையை வெளியே நீட்டிக்
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.