பின் பார்த்த சீட்டு

கம்பத்திலிருந்து மேடேறும் ஆறு மணி ஜீப்பில்
கடைசியாக ஏறுகிறவளுக்குக் கதவோரப் பலகை.
முகம் பின்னால் பார்க்கும்,
முதுகு மட்டும் கேரளத்துக்குப் போகும்.

மூன்று வாரமாக நான்தான் கடைசி.
க.விலக்கு ஆஸ்பத்திரியில்
இஞ்ஞாசியின் கட்டிலுக்கடியில் படுத்தெழுந்து
முதல் பஸ்ஸில் வந்து சேர்கிறவளுக்கு
இடம் போட்டு வைக்க யார் இருக்கிறார்கள்?
நிழல் வெட்ட ஏறிய மரம்
அவரை இடுப்போடு கீழே விட்டது.
எழுந்து உட்காருவார் என்கிறார் ஒரு டாக்டர்.
இன்னொருவர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

ஆண்டவரே,
உம்மோடு பேசியும் மூன்று வாரம்.
ஜெபமாலை பைக்குள்தான் கிடக்கிறது,
சோற்று டப்பாவுக்குக் கீழே, ஊறுகாய்ப் பொட்டலத்துக்கும் கீழே.
மாதா கெபியைக் கடக்கும்போது
மற்றவர்கள் கை நெற்றிக்குப் போகும்,
என் கை கம்பியைப் பிடித்திருக்கும்.
விழுந்துவிடுவேன் இல்லையா,
அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளும்.

நேற்றுப் பனி.
நாலாவது வளைவிலேயே உலகம் முடிந்துபோனது.
மதார் விளக்கைப் போட்டார்,
போட்ட வெளிச்சம் சுவரில் பட்டதுபோலத் திரும்பி வந்தது.
தலையை வெளியே நீட்டி
ஹாரனைத் தட்டித் தட்டி
ஒரு சாண் ஒரு சாணாக வண்டியை ஏற்றினார்.
ஒருத்தி மாதாவே என்றாள், ஒருத்தி கருப்பா என்றாள்.
சுகிர்தாக்கா சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மூடவில்லை.
வருகிற வளைவு எனக்கு என்றைக்குத் தெரிந்தது?
தெளிந்த நாளிலும்
என் சீட்டுக்கு வந்து சேர்வது கடந்த வளைவுதான்.

அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.
ஒவ்வொன்றாய்ப் பனிக்குள் பின்வாங்கின.
பெனிட்டா பிறந்து பால் குடிக்காத ஒன்பது நாள் போல ஒன்று.
எல்லையை அடைத்து
ரேஷன் அரிசியும் முருங்கைக்கீரையுமாய்க் கிடந்த
வருஷத்தைப் போல நீளமாய் ஒன்று.
குழுக்கடன்காரி வாசலில் வந்து குத்தவைத்த
புதன்கிழமையும் அதில் இருந்தது.
அப்போதெல்லாம் இத்தோடு சரி என்றுதான் சொன்னேன்.
வண்டியை ஓட்டியது யாரென்று
அப்போதும் திரும்பிப் பார்த்ததில்லை.

“மதாரண்ணே, ரோடு தெரியுதா?”
“தெரியலம்மா. எங்க இருக்குன்னு தெரியும்.”

செக்போஸ்டைத் தாண்டியதும் வெளுத்தது.
பனி கழன்று பள்ளத்தாக்கு திறந்தது.
திராட்சைப் பந்தல்கள் பச்சைத் தீப்பெட்டிகள்.
கம்பம் ஒரு கைப்பிடி.
என் தெரு ஓர் ஏலரிசி.
க.விலக்கு இன்னும் அப்பால், புகைபோல.

நீர் எங்களைப் பார்ப்பது இப்படித்தானா?
அப்படியென்றால் எனக்குச் சம்மதமில்லை.
இங்கிருந்து சின்னதாய்த் தெரிகிறது என்பதற்காக
ராத்திரி நான் போய்ச் சேரும்போது
அந்தக் கட்டில் சின்னதாய் இராது,
மூத்திரப் பை சின்னதாய் இராது.

ஆனாலும் ஒன்றைப் பார்த்தேன், மறைக்கக் கூடாது.
எல்லாம் அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேதான் இருந்தது.
கட்டிலும் கடனும்கூட.
விளிம்பைத் தாண்டி எதுவும் சிந்தவில்லை.

ஏலம் நின்றபடி பறிக்கிற பயிரில்லை.
காய் தூரில், மண்ணோடு கிடக்கும் சரத்தில்.
முட்டி போட்டால்தான் கைக்கு வரும்.
மூன்று வாரமாய் நாளைக்கு எட்டு மணி நேரம்
முட்டி போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்,
உம்மோடு பேசாமல்.

நேற்றும் போட்டேன். பேச்சு வந்தது.
பெரிய பேச்சில்லை.
நாளைக்கும் எனக்குக் கடைசி இடம்தான், பரவாயில்லை,
ரோட்டை நீர் பாரும், என்றேன்.
அப்புறம் பழுத்து வெடித்த காய் ஒன்றை
கங்காணி பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டேன்.

நீர் பார்த்திருப்பீர்.