எத்தனை ஹெலி

குருநகர் ஜெட்டிக்குப் பக்கத்தில்
படகு எஞ்சின் திருத்துகிற கடை அலோசியஸுக்கு.
கார்பரேற்றரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்குவான்:
"விசயம் தெரியுமோ,
ஹாலோ பிரிட்ஜின்ர பேஸ்காரன் விலத்திட்டானாம்."
சொந்தச் சித்தப்பன் கோவித்துக்கொண்டு
வீட்டை விட்டுப் போனதுபோல் ஒரு முகம்.

வள்ளக்காரர் காத்திருப்பார்கள்.
இறாலும் காத்திருக்கவேண்டும்.
மூன்றாவது இசைத்தட்டில், நாலாவது நிமிடத்தில்
ஒரு கதிரை கிறீச்சிடும்;
ட்றம்ஸ்காரன் பாரம் மாறி உட்கார்ந்த சத்தம்,
அழிக்க மனமில்லாமல் விட்டார்களாம்.
கெரசின் சிஸ்டர்ஸ் முதல் பாட்டைப் பதிந்தது
ஒரு சலவைக் கடையில்,
மெஷின் சுழல்கிற தாளம் பிடித்துப்போய்.
கச்சேரி நாளில் மூத்தவள்
வெள்ளரிக்காய் தவிர ஒன்றும் வாயில் வைக்கமாட்டாள்.
"என்ன சைஸ் வெள்ளரிக்காய்?" என்று கேட்டார்
ஒரு சம்மாட்டி, உண்மையான அக்கறையோடு.
அலோசியஸ் நெடுநேரம் ஸ்பானரைத் துடைத்தான்.
தெரியாது என்று சொல்ல வெட்கம் அவனுக்கு.

எங்களுக்குப் பாட்டு பிறகுதான் வந்தது.
பாட்டைப் பற்றிய கதை முதலே வந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்று.
கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நான் மிதிப்பேன்;
டைனமோ றேடியோவுக்கு உயிர் கொடுக்கும்.
செவ்வாய் இரவு, சிற்றலையில்
றொக் செய்தி, பதினைந்து நிமிடம்.
எனக்கு இங்கிலிஷ் காணாது.
அலோசியஸ் காதை ஒட்டவைத்துக் கேட்டு
துண்டு துண்டாய்த் தமிழில் தருவான்.
கால் தளர்ந்தால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள் இறங்குவார்.
"மிதியடா, மிதி, ஆரோ செத்திட்டான்!"
மிதித்தேன்.
சாகவில்லை, முடி வெட்டியிருக்கிறான்.
"பாண்டாம் பாண்ட்" என்று உள்ளே அவன் அம்மா,
"பாண் எங்க குடுக்கினமாம் எண்டு கேள்."

அந்த ஒரு செவ்வாய்.
ஹாலோ பிரிட்ஜின் கிற்றார்காரன்
இருபது வருடமாய் வாசித்த கிற்றாருக்குள்
எப்போதும் ஏதோ உருளுமாம்.
ஒவ்வொரு மேடையிலும் உருளுமாம்.
கடைசியில் ஆணி கழற்றித் திறந்து பார்த்தார்களாம்.
உள்ளே இருந்தது

றேடியோ நின்றது.

"ஹெலி" என்றேன்.
விளக்கை ஊதி அணைத்தோம்.
இருட்டுக்குள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தபடி.
ஒரு சத்தமும் இல்லை.
"தூரத்தால போகுது" என்றேன்.
நம்பினான்.
அந்த நாளில் அதை நம்பாமல் விட ஆருக்குத் துணிவு.

இப்ப சொல்கிறேன்: ஹெலி வரவில்லை.
வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் அரைவயிறு.
பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம்.
பதினேழு வயது.

இப்போது கடைக்குப் பொடியள் வருகிறார்கள்,
தங்களுக்கென்று ஒரு பாண்ட் வைத்திருப்பவர்கள்.
கையில் ஃபோன், உலகத்துக் கிற்றார்கள் எல்லாம் அதற்குள்.
ஆனாலும் இவன் வாயைப் பார்த்து நிற்கிறார்கள்.
கிற்றாருக்குள் ஒருநாள் பால்பல் இருக்கிறது.
ஒருநாள் மோதிரம்.
"பேர் சொல்ல வாய் திறக்கிறான், அந்த நேரம் பார்த்து ஹெலி!"
முதலில் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது.
போன வருடத்திலிருந்து தேடுவிளக்கோடு இரண்டு.

போன கிழமை நித்திரை வராமல்
ஃபோனில் தேடினேன். கிடைத்தது.
கிழவனாகிவிட்ட கிற்றார்காரன் தானே சொல்கிறான்,
உள்ளே இருந்தது
காய்ந்து கழன்ற ஒரு பசைத்துளி.
செய்தவன் கூடுதலாய் விட்ட பசை.
அவ்வளவுதான்.

விடிந்ததும் கடைக்குப் போனேன்,
பசையையும் காலையும் சேர்த்துச் சொல்லிவிட.
"இவன்தான்! மிதிச்சவன் இவன்தான்!"
எண்ணெய்க் கையால் என் தோளைப் பிடித்து
பொடியளுக்குக் காட்டினான் அலோசியஸ்.
ஒருவன் குனிந்து என் காலைப் பார்த்தான்,
மேடைக்குப் பின்னால் கண்டெடுத்த பொருளைப் பார்ப்பதுபோல.
"அங்கிள், உண்மையா எத்தனை ஹெலி?"

பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.
கெண்டைக்கால் லேசாய் இழுத்தது.

"ரெண்டு" என்றேன்.
"ஒண்டு கொஞ்சம் பதிவா வந்தது."