ஒரு மைல்

ராணுவத்துக்கென்று செய்த துப்பாக்கி.
அடையாள அட்டை, ஒரு படிவம், இருபது நிமிடம்.
டிரக்கை விற்ற பணம்
வெர்லினின் தோளில் தொங்கி வந்தது.

மான் சுட இது எதற்கு என்றாள் டோரீன்.
"மானுக்கில்லை."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

குண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான்
சத்தம் போய்ச் சேருமாம்.

தோட்டா போடாமல்
சமையலறை ஜன்னலில் வைத்துப் பார்க்கிறான்.
மொன்டானாப் பனிக்கு அப்பால், ஒரு மைலில்,
ஓடகார்ட் விறகு பிளக்கிறார்.
பதினோரு வருடமாய் பக்கத்து வீடு.
சட்டையில் இரண்டாம் பொத்தான் இல்லையென்று
இன்றுதான் தெரியும்.
இடது காலை இழுத்து நடக்கிறார்.
சிலுவைக்கோடும் கூடவே நடக்கிறது.

இரவு போன் செய்து
நிஜமான அக்கறையோடுதான் கேட்டான்:
"கால் இப்போ எப்படி இருக்கு?"

மறுமுனையில்
திரைச்சீலையை
யாரோ இழுக்கும் சத்தம்.