மற்றவை

முதல் நாள் ஹெல்மெட்டில் கேமரா பொருத்தும்போது
ரசலையன் கேட்டார்:
"இது நான் பாக்கியத மட்டும் பாக்குமா மக்களே,
பாக்காததையும் பாக்குமா?"
ஆய்வுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒப்புதல் கையெழுத்துக்கு இருந்தது. போட்டார்.
ரப்பர்ப் பால் உலர்ந்த விரல்களை விட்டு
காகிதம் மனமில்லாமல் பிரிந்து வந்தது.

திரையில் அவர் பார்வை ஒரு பச்சைப் புள்ளி.
வினாடிக்கு முப்பது சட்டகம்.
புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே
எண் போடுவது என் வேலை.
சாலை 1. பின்கண்ணாடி 2. வேகமுள் 3.
எதிர்வண்டி 4. மற்றவை 5.

எளிதாகத்தான் இருந்தது,
குளச்சல் டெல்பின் அக்காவின் பதிவு வரும்வரை.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்கண்ணாடி பார்த்தார்.
2, 2, 2 என்று போட்டுக்கொண்டே போனேன்.
அந்தக் கண்ணாடிக்குள் சாலையே இல்லை என்பதை
இரண்டாம் நாள்தான் கவனித்தேன்.
திருப்பி வைத்திருந்தார். அதில் தெரிந்தது
மீன் சருவமும் அதைக் கட்டிய நைலான் கயிறும்.

திங்கள்நகர் அபிஷின் வண்டியில் கண்ணாடியே இல்லை.
"வச்சா லுக்கு போயிரும் மேடம்."

சரி. ரசலையனுக்கு வருகிறேன்.

நான்காம் நாள், காலை எட்டு நாற்பது.
திருவட்டார் தாண்டி ஒரு வளைவு,
பலாக்கிளை பாதி மறைத்தது.
கல் ஏற்றிய டாரஸ் வருகிறது.
பச்சைப் புள்ளி நேராகப் போய் அதன்மேல் நிற்கிறது.
ஒன்பது சட்டகம். 4, 4, 4, 4.
கீழே பிரேக் கோடு அசையவில்லை.
பிறகு வானம், ரப்பர் இலைகள்,
கவிழ்ந்த பால் கேன், வெள்ளையாகும் சேறு,
மிக அருகில் ஒரு நாயின் முகம்.

ஆஸ்பத்திரியில் முட்டியில் கட்டோடு கிடந்தவரிடம் சொன்னேன்:
"லாரியப் பாத்திருக்கீங்க அண்ணாச்சி. பதிவுல இருக்கு."
"பாத்திருப்பேன். ஆனா காணல்லியே."
"பின்ன என்னத்தக் கண்டிய?"
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"கீழத் தோட்டத்துல இன்னும் பாலு எடுக்கல்ல.
மேக்க இருட்டிக்கிட்டு வருது.
சிரட்டையில மழவெள்ளம் வீந்தா எல்லாம் போச்சு.
டிப்போவ ஒம்பதுக்கு அடைச்சிருவான்.
மூணு மணிக்கு எழும்பின கண்ணு, மக்களே."

பார்த்தும் காணாமை.
ஆய்வேடுகளில் இதற்குப் பெயர் உண்டு என்றார் பேராசிரியர்.
பார், காண் என்று
இரண்டு வினைச்சொல்லை நமக்குத் தனித்தனியாக வைத்தவர்
எவரோ, டாரஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே
இந்த வளைவில் ஒருமுறை விழுந்திருக்க வேண்டும்.

போலீஸ் காகிதத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு'.
அதே சொல்லை நானும் தட்டச்சினேன், அழித்தேன்.
கவனம் குறையவில்லை. நிறையவே இருந்தது,
முந்நூறு சிரட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாக.

பரிந்துரை என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்:
பலாக்கிளையை வெட்டலாம்.
டிப்போவைப் பத்து மணிவரை திறந்து வைக்கலாம்.
பேராசிரியர் இரண்டாவது வரியின் ஓரத்தில்
பென்சிலால் கேட்டிருந்தார்:
'இது ஆய்வா, மனுவா?'
பதில் எழுத இடம் இருந்தது. இன்னும் எழுதவில்லை.

அன்று தக்கலை இறக்கத்தில் எனக்குப் பின்னால்
யாரோ வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.
நான் அந்தப் பென்சில் கேள்விக்குள் இருந்தேன்.
கேமரா இல்லாததால் எண் போடவில்லை.

ஆறு வாரம் கழித்து ரசலையன் வந்தார்,
லேசாக விந்தி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கி.
தானாகவே மேசைமேல் வைத்தார்.
"கேமராவ மாட்டும். இண்ணைக்கு வானம் தெளிஞ்சிருக்கு.
மழ இல்லாத நாளும் ஒண்ணு வேணும்லா,
ஒம்ம கணக்குக்கு?"