துப்பத் தெரிந்தவள்

முதலில் துப்பத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.
மூக்கைக் கிண்ணத்துக்குள் விடு, ஒரு மடக்கு எடு,
பல்லிடுக்கில் காற்றை இழு,
நாக்கின் ஓரங்களுக்கு உருட்டு,
பிறகு துப்பு.
உதடு நனையாமல், ஒரே கோடாக,
வாளிக்குள்.

வகுப்பில் பதினேழு பேர்.
எனக்கு மட்டும் வரவில்லை,
தொண்டை தானாகத் திறந்துகொண்டது.
பேராசிரியர் சிரித்தார்:
"செல்வி பூய்சென், உங்களுக்குத் தாகம் அதிகம்."

தாகம் என்னுடையதல்ல,
அப்பாவினுடையது.

பிரீடே ஆற்றங்கரைத் தோட்டத்தில்
மணி அடித்தால் வரிசை.
விடியலில் ஒரு தகரக் குவளை,
பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று,
நாலு மணிக்கு ஒன்று,
பொழுது சாய்ந்ததும் இரண்டு.
முதலாளி படியளந்தார்.
தானியமல்ல, சந்தையில் விலைபோகாத
திராட்சை மது.
வெள்ளிக்கிழமை உள்ளங்கையில் விழும் சில்லறையை
எண்ண முடியாமல் நடுங்கும் அப்பாவின் விரல்.
ஒரு சொட்டுகூட அவர் துப்பியதில்லை.
சம்பளத்தை யாராவது துப்புவார்களா?

நாற்பத்தொன்பதில் போனார்.
ஈரல் என்று எழுதினார்கள் பதிவேட்டில்.

இப்போது பிப்ரவரி. சாவி என் இடுப்பில்.
அதே பள்ளத்தாக்கு, வேறு தோட்டம்,
பாதி என்னுடையது, பாதி வங்கியுடையது.
அதிகாலை மூன்றரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
ஷெனின் கொடிகளுக்கு நடுவே நடக்கிறேன்.
சிண்டிஸ்வா சர்க்கரையை அளந்துவிட்டாள்:
"இருபத்திரண்டரை. நாளைக்கே பறிக்கலாம்."
நான் ஒரு விதையைக் கடித்துப் பார்க்கிறேன்.
பச்சை இன்னும் போகவில்லை.
வியாழன் வரை பொறு.
டிராக்டருக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
சொல்கிறாள் மாகிரீட்டா.
தெரியும்.
வியாழன்.

பிழிபொறி நுழையவில்லையென்று
பழைய கிடங்குச் சுவரை இடித்தபோது
செங்கல்லுக்கு நடுவே ஒரு குவளை.
விளிம்பு நசுங்கி, பிடியில் கம்பி சுற்றி.
லேபிள் வரைய கேப் டவுனிலிருந்து வந்த பையனுக்குக்
கண் விரிந்தது:
"இதையே படமாகப் போடுவோம், மேடம்.
கதை இருந்தால் விற்கும்."
விற்கும்தான்.
கழுவித் துடைத்து
அதில் போல்ட்டும் நட்டும் போட்டுவைத்தேன்.
லேபிளில் தோட்டத்தின் பெயர், ஆண்டு,
அடியில் என் பெயர்.
இரண்டு பக்கமும் படிக்கிற அளவு எழுத்தில்.

வெள்ளிக்கிழமை.
உறையில் பணம், கூடவே சீட்டு, கையெழுத்து.
ஃபிளோரிஸ் மட்டும் நகரவில்லை.
"சம்பளத்தில் பிடித்துக்கொள்,
ரெண்டு பாட்டில் கொடு."
மாட்டேன் என்றேன்.
"பழைய துரை கொடுப்பார்" என்றான்,
கோபமாகக்கூட இல்லை.
சாலை முனைக் கடைப் பக்கம் திரும்பி நடந்தான்.
அங்கே அடுக்கில் இருப்பது
என் சரக்கல்ல என்று சொல்ல ஆசை.
மலிவு ரகம் ஒன்றும் போடுகிறேன்,
நீலத் தொப்பி, ஒரு லிட்டர்.
வங்கித் தவணையைக் கட்டுவது அதுதான்.

துப்ப எனக்கு எப்படி வந்ததென்று
யாரும் கேட்டதில்லை.
வாடகை அறையின் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து
ராத்திரி ராத்திரியாகத் துப்பினேன்,
சுவரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து.
ஆறு மாதம்.
இன்று லண்டனிலிருந்து வாங்க வருகிறவர்கள்
என் கோட்டைப் பார்த்துப் புருவம் தூக்குகிறார்கள்.
அத்தனை நேர்.

ஒரே ஒருமுறை தவறினேன்.
எனக்கென்று பழுத்த முதல் அறுவடை,
மூன்றாம் பீப்பாய், குழாயில் இழுத்த அரைக் கிண்ணம்.
பக்கத்தில் யாருமில்லை.
வாளி காலடியிலேயே இருந்தது.
விழுங்கினேன்.

சீமைமாதுளை, ஈரக் கல், கொஞ்சம் தேன்,
கடைசியில் ஒரு கசப்பு, அதுவும் அளவாக.
கெட்டதாக இருந்திருந்தால்
எல்லாம் சுலபமாகப் போயிருக்கும், அப்பா.
நன்றாக இருந்தது.