ஏழு பன்னிரண்டு

பீடோர் ஆலையில் சர்வர் அறை என்பது
பழைய உரக்கிடங்கின் ஒரு மூலை.
குளிர்சாதனம் இரண்டு, ஒன்று ஓடாது.
ஓடுவதன் கீழே பெயிண்ட் வாளி,
சொட்டுக்கு.

எடைமேடை, கொதிகலன், பம்ப் வீடு,
மூன்றாம் டிவிஷன் ஆபீஸ்.
நான்கு கணினிகளும் தமக்கு நடப்பதைத்
தமக்குள்ளேயே எழுதி
நிரம்பியதும் தாமே அழித்துக்கொண்டிருந்தன
இத்தனை வருஷமாய்.
எல்லாம் ஓர் இடத்துக்கு வரட்டும் என்றார் மேனேஜர்.
ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை.
எடைமேடைக் கிராணி ருக்மாங்கதனுக்குக்
கடிதம் கொடுத்தது ஆலைக்கே தெரியும்.
பதினோரு இரவுகளின் செம்பனைக் கணக்கு
அழிந்திருக்கிறது.
அழிந்த நேரம், கணினி சொன்னபடி,
இரவு ஏழு பன்னிரண்டு.
ஏழு பன்னிரண்டுக்கு அந்த நாற்காலியில்
இருந்தவர் அவர்.
மெஷின் பொய் சொல்லுமா?

கட்டமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
'கேள்' என்னும் வரி முன்னமே இருந்தது,
தலைமாட்டில் ஒரு வேலிக்குறியோடு.
வேலியை அழித்தால் வரி விழித்துக்கொள்ளும்.
ஐந்நூற்றுப் பதினான்காம் கதவு.

முதலில் யூடிபி.
எறிந்துவிட்டுப் போகிற ஆள் அது,
விழுந்ததா என்று திரும்பிப் பார்க்காது.
மழை பிடித்தால் மூன்றாம் டிவிஷனிலிருந்து
பத்துக்கு மூன்று வந்து சேரவில்லை.
டிசிபிக்கு மாற்றினேன்.
இது கேட்டுக் கேட்டுத்தான் கொடுக்கும்.
எதிர்முனை 'ம்' சொல்லாவிட்டால்
சொன்னதையே மறுபடி சொல்லும்.

தீச்சுவரைத் திறக்க மறந்து
அரைமணி நேரம் வெறும் திரை.
கோப்பி ஓ ஆடை கட்டியது.

வாக்கிடாக்கியில் அஸ்லான்,
எடைமேடையிலிருந்து:
"மாசூக்?"
இல்லை.
"சேக்காராங்?"
இப்போது வந்தது.
சோதனைக்கு அவன் தட்டியது
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்:
சாப்டியா.

சிரித்துக்கொண்டே பார்த்தேன்,
வரியின் முன்னால் நேரம்
இரண்டு நாற்பத்தொன்று.
சுவரில் பத்து நாற்பத்தொன்று.

வெயில் கண்ணாடியில் அடிக்கிறது,
வெளியே லோரிகள் வரிசை,
பழம் வெந்த நெடி.
இந்த எடைமேடைக் கணினிக்கு மட்டும்
இன்னும் விடியவில்லை.
வாங்கிய நாள்முதல் அது கிரீனிச்சில் குடியிருக்கிறது.
இது மலேசியா என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.

விரல் விட்டு எண்ணினேன், சின்னப்பிள்ளைபோல்.
ஏழு பன்னிரண்டோடு எட்டு.
அதிகாலை மூன்று பன்னிரண்டு.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
பெரட்டில் நிற்கிறவர்கள்போல்
பெயர் சொல்லிச் சொல்லி வந்தன வரிகள்.
மூன்று பன்னிரண்டுக்குக் கொதிகலன் சொன்னது:
தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்கியது.
எடைமேடை ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பது விநாடி கழித்துச் சொன்னது:
இப்போதுதான் விழித்தேன்.
இரண்டுக்கும் ஒரே கேபிள்.
எடைமேடையில் பூட்டு, கதவுக்கு வெளியே.

காகிதத்தில் எடுத்துக் கொடுத்தேன்.
மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.
"நேரத்தைச் சரி பண்ணிடுங்க" என்றார்.
கடிதம்?
"அது கேஎல்லுக்குப் போயாச்சே."

சரி பண்ணினேன். ஒரு வரி வேலை.
இனி எழுதப்போவதற்குத்தான் அது செல்லும்.
பழைய பதினோரு வரியும்
ஏழு பன்னிரண்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கும்,
எந்த நாட்டு ஏழு என்று சொல்லாமல்.

மத்தியானம் ருக்மாங்கதன் வந்தார்.
உள்ளே வரவில்லை, பூட்ஸில் சேறு.
நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.
பிறகு கேட்டார்:
"அப்ப அந்த நேரம்
நான் வீட்லதானே இருந்தேன்?"

ஆமாண்ணே.

வாளி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது.
அவர் அதைப் பார்த்தபடி
மறுபடியும் கேட்டார்.
ம், என்றேன்.