ஒன்று புள்ளி எட்டு

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் முதல் வேலை:
முனிரத்தினத்தின் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு
ஒரே ஒரு வலைப்பக்கம்.
மேலே பெயர், நடுவில் ரிப்போர்ட், கீழே ஒரு பட்டன்.
தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று.
பேசிய கூலி நாலாயிரம். அதில் ஆயிரம்
அப்பாவின் சர்க்கரை டெஸ்டில் கழிந்துவிடும்.

மூன்று நாளில் முடித்தேன்.
அதாவது, இரண்டு நாள் எழுதினேன்,
ஒரு நாள் முழுக்க
ஓர் அரைப்புள்ளியைத் தேடினேன்.
நிறம் சொல்லும் வரியின் கடைசியில் அது இல்லை.
அதனால் அடுத்த வரி செத்துக் கிடந்தது.
செத்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன்;
கொன்ற வரி அதற்கு மேலே இருந்தது,
ஒன்றும் தெரியாததுபோல.

என் லேப்டாப்பில் எல்லாம் அழகு.

ஞாயிறு காலை முனிரத்தினம் கூப்பிட்டார்.
நாகலாபுரத்திலிருந்து வந்த சுப்பரத்தினம்மா
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே
போனைப் பார்த்துக் கேட்கிறாராம்:
இது என்ன ரகப் பரிசோதனை?
எந்த ரகம்? பாப்பட்லாவா, சோனா மசூரியா?

தெலுங்கில் ரத்தம், ரக்தம்.
'க'வின் காலடியில் ஒரு குட்டித் 'த' தொங்கும்.
கச்சிதமாக இருக்கட்டும் என்று
வரியின் உயரத்தை ஒன்று என வைத்திருந்தேன்.
வழிவது மறையட்டும் என்றும் எழுதியிருந்தேன்.
தொங்கியது அறுந்தது.
ரக்தம், ரகம் ஆனது.

தமிழிலும் லட்சணம் அதுதான்.
நூறு பிக்சல் என்று நான் அடித்துவைத்த பட்டனில்
'முடிவுகளைப் பா' வரை ஏறிக்கொண்டது,
'ர்க்க' ஃபுட்போர்டில்.
அவர்கள் எழுத்து ஆழத்துக்கு இடம் கேட்கிறது,
நம் எழுத்து அகலத்துக்கு.
நான் அளந்திருந்ததோ
ஆங்கிலத்தின் இடுப்பை.

ஸ்டைல் ஷீட்டின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்:
எல்லாப் பெட்டிக்கும் ஒரு பிக்சல் சிவப்புக் கோடு.
பார்டர் வேண்டாம்,
அது தானும் இடம்பிடித்து இன்னும் கோணலாக்கும்.
அவுட்லைன். இடம் கேட்காமல் சுற்றி நிற்கும்.
சட்டென்று தெரிந்தது,
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் நான் மறந்தே போன பெட்டி,
எது எதன் விலாவில் இடிக்கிறது என்று.

அகலத்தை அழித்தேன்.
பதிலுக்கு பேடிங்: மேலும் கீழும் பன்னிரண்டு,
பக்கத்துக்கு இருபது.
சொல் வந்து உட்காரட்டும்,
சுவர் நகர்ந்துகொள்ளும்.
சேமித்தேன், ரெஃப்ரெஷ், பார்த்தேன்.
பிறகுதான் அடுத்தது:
வரியின் உயரம் ஒன்று புள்ளி எட்டு.
சேமித்தேன், ரெஃப்ரெஷ், பார்த்தேன்.
இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால்
எது குணப்படுத்தியது என்று தெரியாது.
மாத்திரையைப் பற்றி
முனிரத்தினமும் இதையேதான் சொல்வார்.

இன்னொன்று அவர் சொல்லாமலே சேர்த்தேன்.
குறைந்த எண்ணுக்குச் சிவப்பு நிறம் மட்டும் இருந்தது.
சிவப்பு எல்லோர் கண்ணுக்கும் சிவப்பில்லை,
வெயிலில் பிடித்த போனில் எவர் கண்ணுக்கும் இல்லை.
பக்கத்தில் ஒரு சொல் எழுதினேன், 'தக்குவ'.
அதிலும் 'க'வுக்குக் கீழே ஒரு 'க'.
இப்போது அறுபடவில்லை.

கீழே இறங்கி லேப்புக்கு ஓடினேன்.
சுப்பரத்தினம்மாவின் போனில்
மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல்.
விரலை வைத்து மெல்லப் படித்தார்:
ரக்தம். ஹீமோகுளோபின்.
ஏழு புள்ளி நாலு.
தக்குவ.

இரண்டாம் முறை தனக்குள் படித்தார்.
தெளிவாகப் படிக்க முடிந்ததில்
எனக்கு வந்த சந்தோஷத்தை
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சத்தியவேடு பஸ் ஹாரன் அடித்தது.
அவர் எழவில்லை.
போனை என் பக்கம் திருப்பிக் கேட்டார்,
இந்தச் சிவப்புக் கட்டமெல்லாம் என்ன, இதுவும் நோயா?

அந்த ஒரு வரியை
நீக்க மறந்திருந்தேன்.